வீட்டில் திரையரங்கு: புரொஜெக்டர் வாங்கும் முன் அறையை அளந்துவிட்டீர்களா?

கொல்கத்தா: வீட்டுச் சுவரில் 100 அங்குலத் திரை என்பது இன்று நடுத்தரக் குடும்பங்களுக்கும் எட்டக்கூடிய கனவாகியுள்ளது. புரொஜெக்டர்களுக்கான ஜிஎஸ்டி வரியும் 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்தில் இருந்து 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. எனினும், வாங்கிய கருவி நல்ல படத்தைத் தருமா என்பதை அதன் விலையை விட, அது வைக்கப்படும் அறையே பெரும்பாலும் தீர்மானிக்கிறது.

கொல்கத்தாவுக்குப் புதிதல்ல

வீட்டுக் கூடத்தில் படம் பார்ப்பது இந்நகருக்குப் பழகிய ஒன்று. சத்யஜித் ராய், சிதானந்த தாஸ்குப்தா உள்ளிட்டோர் 1947-இல் தொடங்கிய கல்கத்தா திரைப்படச் சங்கம், தொடக்க காலத்தில் உறுப்பினர்களின் வீடுகளிலும் கூடி 16 மி.மீ. படங்களைத் திரையிட்டது. கருவிகள் மாறினாலும் அடிப்படைத் தேவைகள் மாறவில்லை: இருள், போதிய தூரம், நல்ல வெண்திரை.

முதல் செலவு திரைச்சீலைக்கு

தொலைக்காட்சியைப் போல, புரொஜெக்டரால் கருமையை உருவாக்க இயலாது. ஒளி விழாத இடமே படத்தில் கருப்பாகத் தெரிகிறது. அறையில் வெளிச்சம் இருந்தால் அந்தக் கருப்பு சாம்பல் நிறமாகி, காட்சி வெளிறிவிடும்.

டிஜிட்டல் திரையரங்குகளுக்கான தரத்தின்படி, வெண்மையான காட்சியின் ஒளிர்வு சதுர மீட்டருக்கு 48 கேண்டெலா. முழுமையாக இருண்ட அறையில், 100 அங்குலச் சாதாரண வெண்திரையில் இதே ஒளிர்வைப் பெற சுமார் 420 லூமென் போதும். ஆனால் பகல் வெளிச்சம் நுழையும் அறையில் 3,000 லூமென் கருவியும் திணறக்கூடும். எனவே, கூடுதல் லூமெனுக்குச் செலவிடுவதை விட, ஒளியைத் தடுக்கும் கனமான திரைச்சீலை வாங்குவது சிக்கனமானது. வட கொல்கத்தாவின் பழைய வீடுகளில் உள்ள மரச் சட்டங்கள் கொண்ட சன்னல்கள் இதில் ஏற்கெனவே பாதி வேலையைச் செய்துவிடுகின்றன. திரையைச் சுற்றியுள்ள சுவருக்கும் கூரைக்கும் அடர் நிறம் பூசினால், அங்கிருந்து எதிரொளிக்கும் வெளிச்சமும் குறையும்.

தூரக் கணக்கு

புரொஜெக்டருக்கும் திரைக்கும் உள்ள தூரத்தைப் படத்தின் அகலத்தால் வகுத்தால் கிடைப்பது 'த்ரோ ரேஷியோ'. 100 அங்குலப் படத்தின் அகலம் சுமார் 7.3 அடி. த்ரோ ரேஷியோ 1.5 கொண்ட கருவிக்கு இந்த அளவு படம் கிடைக்க சுமார் 11 அடி தூரம் தேவை.

10 அடி நீள அறையில், கருவிக்கும் கம்பிகளுக்கும் ஒன்றரை அடி போனால் எஞ்சுவது எட்டரை அடி. அதே கருவி அங்கு சுமார் 78 அங்குலப் படத்தையே தரும். இது குறையல்ல. படத்தின் மூலைவிட்ட நீளத்தைப் போல் சுமார் 1.2 மடங்கு தொலைவில் அமர்ந்து பார்ப்பது திரையரங்கு அனுபவத்துக்கு ஏற்றது எனக் கருதப்படுகிறது. அதன்படி, எட்டடி தொலைவில் அமர்பவருக்கு 80 அங்குலமே பொருத்தம். சுவரை ஒட்டி வைக்கும் 'அல்ட்ரா ஷார்ட் த்ரோ' கருவிகள் இரண்டடிக்குள்ளேயே 100 அங்குலம் தரும் என்றாலும், அவற்றின் விலை அதிகம்.

கருவியைக் கோணலாக வைத்து 'கீஸ்டோன்' வசதியால் படத்தை நேராக்குவதைத் தவிர்ப்பது நல்லது. அது படத்தின் தெளிவைக் குறைக்கிறது.

விளம்பரத்தில் கவனிக்க வேண்டியவை

சாந்தினி சௌக் கடைகளில் வாங்கினாலும் இணையத்தில் வாங்கினாலும், இரண்டு விவரங்களைக் கேட்டறிவது அவசியம். முதலாவது, ஒளி அளவு 'ஆன்சி லூமென்' அல்லது 'ஐஎஸ்ஓ லூமென்' முறையில் அளக்கப்பட்டதா என்பது. வெறுமனே 'லூமென்' என அச்சிடப்படும் பெரிய எண்களை அவற்றுடன் ஒப்பிட இயலாது. இரண்டாவது, கருவியின் 'நேட்டிவ்' தெளிவுத்திறன். '4கே சப்போர்ட்' என்றால் 4கே காணொளியை ஏற்கும் என்றே பொருள். திரையில் விழும் படம் அதைவிடக் குறைந்த தெளிவுடன் இருக்கலாம்.

பொருள் குறித்துத் தவறான தகவல் அளிக்கப்பட்டிருந்தால், தேசிய நுகர்வோர் உதவி மையத்தின் 1915 என்ற எண்ணில் புகார் அளிக்கலாம்.

ஈரப்பதமும் ஒலியும்

மழைக்காலத்தில் கொல்கத்தாவின் காற்றில் ஈரப்பதம் மிகுதி. பயன்படுத்தாமல் மூடிவைத்த லென்ஸில் பூஞ்சை படரக்கூடும். வாரம் ஒருமுறையேனும் கருவியை இயக்குவதும், வெப்பக் காற்று வெளியேறும் துளைகளை மறைக்காமல் வைப்பதும் அதன் ஆயுளை நீட்டிக்கும்.

பெரும்பாலான புரொஜெக்டர்களில் உள்ள ஒலிபெருக்கி சிறியது. திரைக்குக் கீழே ஒரு சவுண்ட்பார் வைத்தால், பேச்சு படத்தில் இருந்தே வருவதாகத் தோன்றும். புளூடூத்தில் ஒலி சற்றுத் தாமதமாக வரக்கூடும் என்பதால் கம்பி இணைப்பே சிறந்தது.

கடைக்குச் செல்லும் முன் ஓர் எளிய சோதனை உதவும். மாலையில் படம் பார்க்கும் நேரத்தில் விளக்குகளை அணைத்து, அறைக்குள் எவ்வளவு வெளிச்சம் எஞ்சுகிறது எனப் பாருங்கள். பின்னர் சுவரில் படத்தின் அளவுக்குக் காகித நாடா ஒட்டி, வழக்கமாக அமரும் இடத்தில் இருந்து நோக்குங்கள். எந்தக் கருவி தேவை என்பது பெருமளவு அங்கேயே தெளிவாகிவிடும்.