பிள்ளையைப் போடிங்கில் விடுமுன் ஒரு துண்டு எழுதி வாங்குவோம்

சிலாபம், மாதம்பை, முந்தல் பக்கத்துத் தென்னந்தோட்டங்களில் தேங்காய் உரித்தும் கொப்பரா காயவைத்தும் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் பெற்றோர் எம்மிடையே பலர். உயர்தர வகுப்புக்காகப் பட்டணத்துக்குப் போகும் பிள்ளைகளும், மாகந்துரையிலும் குளியாப்பிட்டியிலும் உள்ள வயம்ப பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகி விடுதியில் இடம் கிடைக்காத பிள்ளைகளும் குடும்ப வீடுகளில் அறை எடுத்துத் தங்குகிறார்கள். வென்னப்புவைப் பக்கம் இத்தாலிக் காசில் எழும்பிய பெரிய வீடுகளில் ஓர் அறையோ இரண்டோ சும்மா கிடக்கும். வாடகைக்கு விட்டால் அவர்களுக்கும் உதவி, நமக்கும் உதவி.

அப்படி ஓர் அறையில் மகளை விட்ட தாயொருவர் எம்மிடம் வந்தார். சீட்டுக் காசை எடுத்து மூன்று மாத முற்பணம் கொடுத்திருக்கிறார். இரண்டாம் மாதம் முடியுமுன்னே, "மகன் இத்தாலியிலயிருந்து லீவுக்கு வாறாராம், ரூம் வேணுமாம்" என்று பிள்ளையின் பெட்டி வாசலுக்கு வந்துவிட்டது. மிச்சக் காசு கேட்டால், "கரண்ட் பில்லுக்குச் சரி" என்றார்களாம். கையில் ஒரு துண்டுகூட இல்லை.

"வாடகைக்கு இருக்கிறவங்களை எழுப்ப ஏலாதாமே?" என்று அந்தத் தாய் கேட்டார். அது 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டத்தை வைத்துப் பரவிய பேச்சு. அந்தச் சட்டம் குடியிருப்பாளரை நன்றாகத்தான் காத்தது. ஆனால் 1980இலும் பின்னரும் வந்த திருத்தங்களால் புதிதாகக் கட்டிய வீடுகள் பெரும்பாலும் அதற்கு வெளியே போய்விட்டன. அதைவிட முக்கியமான விடயம் ஒன்றுண்டு. வீட்டுக்காரர் அதே வீட்டில் இருந்துகொண்டு, சாப்பாடும் கொடுத்து, அறையின் சாவியையும் தம்மிடம் வைத்திருந்தால், அங்கே தங்கும் பிள்ளையைச் சட்டம் பொதுவாகக் குடியிருப்பாளர் என்று பார்ப்பதில்லை, அனுமதியின் பேரில் தங்குபவர் என்றே பார்க்கும். நமக்கு இது புதிதா என்ன? லயன் அறையில் காலமெல்லாம் இருந்தும் அது வேலையோடு ஒட்டிய அறைதானே!

அதற்காக ஒன்றுமே இல்லை என்று கைவிரிக்க வேண்டாம். கொடுத்த காசு கொடுத்த காசுதான். தங்காத மாதத்துக்கான பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். அதற்கு முதலில் போகவேண்டிய இடம் மத்தியஸ்த சபை. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த இச்சபையில் சட்டத்தரணி வைத்துப் பேசத் தேவையில்லை, வைக்கவும் விடமாட்டார்கள். இணக்கம் வராவிட்டால் அதற்கொரு சான்றிதழ் தருவார்கள், அதோடு நீதிமன்றம் போகலாம். பலவந்தமாக வெளியே போட்டால் உடனே பொலிசில் முறைப்பாடு எழுத வேண்டும். அறை யாருடைய கையில் இருந்தது என்ற பிணக்கு 1979ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆரம்ப நீதிமன்றத்துக்குப் போனால், முந்திய இரண்டு மாதத்துக்குள் நடந்ததைத்தான் முக்கியமாகப் பார்ப்பார்கள். ஆறப்போட்டால் காரியம் கெட்டுப்போகும்.

எல்லாவற்றுக்கும் துண்டு வேண்டும். கோவிச்சுக்குவாங்க என்று கேட்காமல் விடுகிறோம். கொடுத்த தொகை, திகதி, அது முற்பணமா வாடகையா, கரண்டும் தண்ணீரும் யார் பொறுப்பு, விலக எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும், இவ்வளவும் எழுதி இரு பக்கமும் ஒப்பமிட்டால் போதும். வீட்டுக்காரர் சிங்களக் குடும்பமானால் இரண்டு பாஷையிலும் எழுதுவது நல்லது. ஒன்றை மட்டும் கவனியுங்கள். "ஒரு வருடக் குத்தகை" என்று வெறும் தாளில் எழுதினால் அது செல்லாது. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன் எழுதப்பட வேண்டும் என்பது 1840இலிருந்து உள்ள சட்டம். எனவே துண்டு காசுக்குத்தான் சாட்சி, வருடத்துக்கு அல்ல.

அந்தத் தாய்க்கு வாடகை கொடுத்ததைக் கண்ட பக்கத்து வீட்டுப் பிள்ளை மத்தியஸ்த சபையில் வந்து சொன்னதால், பாதிக் காசை இரு தவணையாகத் தர வீட்டுக்காரர் ஒத்துக்கொண்டார். முதல் தவணை வந்துவிட்டது. மகள் இப்போது வேறொரு வீட்டில், இன்னும் இரண்டு பிள்ளைகளோடு தங்கியிருக்கிறாள். துண்டின் மாதிரி எமது காரியாலயத்தில் உண்டு. வாசிக்கச் சிரமப்படுவோருக்கு நாமே வாசித்துக் காட்டுவோம்.