வேழம் வரும் வழி

நிலத்தில் வாழும் விலங்குகளுள் உருவிற் பெரியது யானை. தமிழர் அதனை வேழம் என்றும் கைம்மா என்றும் வழங்கினர். ஆணைக் களிறு என்றும் பெண்ணைப் பிடி என்றும் பிரித்துக் கூறினர். ஒரு விலங்கிற்கு இத்தனை பெயர் அமைந்தமை, அவர் அதனை அணுகி நோக்கி அறிந்தனர் என்பதைக் காட்டும். அங்ஙனம் நோக்கி அறியும் அறிவு, இக்காலத்தில் மக்கள் உயிரையும் யானையின் உயிரையும் ஒருங்கே காக்க உதவுகின்றது. இதற்குச் சான்றாக விளங்குவது வால்பாறை.

வால்பாறை, கோயம்புத்தூர் மாவட்டத்து ஆனைமலைத் தொடரில் ஏறத்தாழ 220 சதுர கிலோமீட்டர் பரப்புடைய மேட்டுநிலம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து இங்குள்ள மழைக்காடுகள் வெட்டப்பட்டுத் தேயிலைத் தோட்டங்களும் காப்பித் தோட்டங்களும் அமைந்தன. அவற்றின் இடையே காடு சிறுசிறு திட்டுகளாய் எஞ்சிற்று. மேட்டுநிலத்தைச் சுற்றிலும் ஆனைமலைப் புலிகள் காப்பகமும் பிற காடுகளும் உள்ளன. ஒரு பக்கத்துக் காட்டிலிருந்து மறுபக்கத்துக் காட்டிற்குச் செல்லும் யானைக் கூட்டங்கள் தோட்டங்களைக் கடந்தே செல்கின்றன. தோட்டத் தொழிலாளரும் பிறருமாகப் பல்லாயிரம் மக்கள் அங்கேயே வாழ்கின்றனர். ஆதலின் இருசாராரும் எதிர்ப்படுதல் தவிர்க்க இயலாததாயிற்று.

மைசூரைத் தலைமையிடமாகக் கொண்ட இயற்கைப் பாதுகாப்பு நிறுவனத்தைச் சேர்ந்த ஆனந்தகுமாரும் அவர்தம் குழுவினரும், 2002 ஆம் ஆண்டு முதல் இந்த யானைகளைப் பின்தொடர்ந்து ஆராய்ந்தனர். காதின் கிழிசல், தந்தத்தின் வளைவு, வாலின் அமைப்பு ஆகியவற்றைக் கொண்டு ஒவ்வொரு யானையையும் வேறுபிரித்து அறியலாம். எந்தக் கூட்டம் எந்நாளில் எவ்விடத்தில் தங்கிற்று, எவ்வழியே சென்றது என்பனவற்றை அவர்கள் நாள்தோறும் குறித்து வந்தனர்.

இவ்வாராய்ச்சியால் பல உண்மைகள் புலனாயின. தேயிலை யானைக்கு உணவன்று. பகற்பொழுதில் யானைகள் காட்டுத்திட்டுகளிலும் ஆற்றங்கரைப் புதர்களிலும் ஒதுங்கி நிற்கின்றன. இரவில் தோட்டங்களின் வழியே நடக்கின்றன. நியாயவிலைக் கடைகளிலும் சத்துணவுக் கூடங்களிலும் சேமித்த அரிசி முதலியவற்றை நாடிச் சில வேளைகளில் கதவையும் சுவரையும் உடைக்கின்றன. மனிதரைத் தாக்க வேண்டும் என்னும் நோக்கத்தோடு அவை ஊருக்குள் வருவதில்லை.

அவ்வாறாயின் மக்கள் உயிரிழந்தது எங்ஙனம்? மாலை மயங்கிய வேளையிலும் மூடுபனியிலும் வீடு திரும்புவோர், வழியின் வளைவில் யானை நிற்பதை அறியாது அதன் அருகே சென்றுவிடுகின்றனர். திடுக்கிட்ட யானை தன்னையும் தன் கன்றையும் காக்கப் பாய்கின்றது. இறந்தோருட் பெரும்பாலோர் இவ்வாறு எதிர்பாராமல் யானையை எதிர்ப்பட்டவரே. யானையின் சினத்தைக் காட்டிலும், அது நிற்கும் இடத்தை மக்கள் அறியாமையே பெருங்கேடு விளைத்தது.

நோயின் காரணம் தெரிந்தபின் மருந்து காணல் எளிது. யானைகள் இருக்கும் இடம் மாலைதோறும் உள்ளூர்த் தொலைக்காட்சியில் எழுத்து வடிவில் அறிவிக்கப்பட்டது. 2011 ஆம் ஆண்டு முதல் கைப்பேசிகளுக்குக் குறுஞ்செய்திகள் அனுப்பப்பட்டன. உயர்ந்த இடங்களில் சிவப்பு விளக்குகள் நடப்பட்டன. அருகில் யானை இருப்பின், கைப்பேசி வாயிலாக அவ்விளக்கை எரியச் செய்யலாம். அதனைக் கண்டோர் வேறு வழியே செல்வர், அல்லது காத்திருப்பர். விளக்கை ஏற்றும் பொறுப்பை ஊர்மக்களே ஏற்றுக்கொண்டனர். வனத்துறையும் தோட்ட உரிமையாளரும் துணைநின்றனர். உயிரிழப்பு முற்றும் ஒழியவில்லை எனினும் முன்னினும் குறைந்தது. இப்பணிக்காக ஆனந்தகுமார்க்கு 2015 ஆம் ஆண்டில் விட்லி விருது வழங்கப்பட்டது.

பலர் கூடி வெடி வெடித்தும் கூச்சலிட்டும் யானையைத் துரத்துதல் தீமையையே பயக்கும். வெருண்ட கூட்டம் சிதறி மற்றொரு குடியிருப்பிற்குள் புகும். கன்றைப் பிரிந்த தாய் கடுஞ்சினம் கொள்ளும். யானை அமைதியாய்க் கடந்துபோக வழிவிடுதலே அறிவுடைமை. அவ்வழி நிலைத்திருக்க வேண்டுமாயின், எஞ்சிய காட்டுத்திட்டுகளும் ஆற்றங்கரை மரங்களும் அழியாமல் நிற்றல் வேண்டும்.

மழையிலும் பனியிலும் ஒரு விலங்கின் அடிச்சுவட்டைப் பின்பற்றிச் சிலர் எழுதிவைத்த குறிப்புகள், இன்று ஒரு தாய் அச்சமின்றி வீடு திரும்பத் துணைசெய்கின்றன. அன்பு மட்டும் கொண்டு பிற உயிரைக் காத்தல் அரிது. அதன் இயல்பை அறிதலும் வேண்டும்.