இடும்பன்: மலை சுமந்த பயணமும் அது தரும் பாடங்களும்

இடும்பன் என்பவன் பழனித் தலபுராணத்தில் வரும் அசுரன், அகத்தியரின் சீடன். காவடி எடுக்கும் வழக்கம் இவனிடமிருந்தே தொடங்கியது என்பது நம்பிக்கை. திண்டுக்கல் மாவட்டத்தில் பழனி, கீரனூர் வட்டாரத்து மக்களுக்கு நன்கு பழகிய கதை இது. மகாபாரதத்தில் பீமனால் கொல்லப்பட்ட இடும்பன் வேறு, இவன் வேறு.

கதைச் சுருக்கம்

சூரபதுமன் போரில் அசுரர்கள் அழிந்தபின் எஞ்சியவர்களுள் ஒருவன் இடும்பன். சிவகிரி, சக்திகிரி என்னும் இரு குன்றுகளைப் பொதிகைக்குக் கொண்டு வருமாறு அகத்தியர் அவனைப் பணித்தார். பிரம்மதண்டத்தைக் கம்பாகவும் நாகங்களைக் கயிறுகளாகவும் கொண்டு, இரு பக்கமும் குன்றுகளைத் தொங்கவிட்டுத் தோளில் சுமந்தான். மனைவி இடும்பியும் உடன் வந்தாள்.

திருவாவினன்குடிக்கு அருகே களைப்பாற இறக்கி வைத்த குன்றுகளை மீண்டும் தூக்க முடியவில்லை. சிவகிரியின் மேல் குரா மரத்தடியில் கோவணம் அணிந்த சிறுவன் ஒருவன் நின்றான். இறங்கச் சொன்னான் இடும்பன். மலை தன்னுடையது என்றான் சிறுவன். சினந்து பாய்ந்த இடும்பன் மாண்டு விழுந்தான். சிறுவன் முருகனே என்றறிந்து இடும்பியும் அகத்தியரும் வேண்ட, உயிர் பெற்று எழுந்தான். தன்னைப் போல் காவடி சுமந்து வருவோருக்கு அருள வேண்டும், தான் அங்கே காவலனாக நிற்க வேண்டும் என்ற இரு வரங்களைக் கேட்டான்.

கிரேக்க வீரனுடன் ஓர் ஒப்பீடு

கிரேக்கப் புராணத்தில் ஜேசன் என்னும் வீரனும் இப்படி அரிய பொருளைக் கொண்டுவர அனுப்பப்பட்டவனே. தந்தையின் அரியணையைப் பறித்திருந்த பீலியஸ், பொன் ஆட்டுத்தோலைக் கொண்டு வந்தால் ஆட்சியைத் தருவதாகச் சொன்னான். ஜேசன் ஆர்கோ என்னும் கப்பலில் கருங்கடலின் கிழக்குக் கரையிலிருந்த கொல்கிஸ் நாட்டை அடைந்து, மெடியா என்னும் பெண்ணின் உதவியால் அதைப் பெற்றான். ஆனால் அரியணை கிட்டவில்லை. பின்னர் மெடியாவைக் கைவிட்டு வேறு மணம் நாடினான். பிள்ளைகளையும் இழந்து, பழைய ஆர்கோவின் உளுத்த மரம் விழுந்து இறந்தான் என்பர்.

ஜேசன் எடுத்த காரியத்தை முடித்தவன். முடிவில் எல்லாம் இழந்தான். இடும்பன் காரியத்தை முடிக்காதவன். குன்றுகள் பொதிகைக்குப் போகவே இல்லை. ஆயினும் வணங்கப்படுகிறான்.

பாடங்கள்

1. மலையைத் தூக்கிய வலிமை, எதிரே நிற்பவர் யார் என்று அறியாதபோது பயன்படவில்லை. சினம் கண்ணை மறைத்தது.

2. இடும்பன் தானாக எழவில்லை. மனைவி வேண்டினாள், பணியைத் தந்த ஆசிரியரும் கடிந்துகொள்ளாமல் அவனுக்காகவே வேண்டினார். ஜேசனோ தனக்கு உதவியவளையே மறந்தான்.

3. மறுவாழ்வு கிடைத்ததும் இடும்பன் செல்வமோ ஆட்சியோ கேட்கவில்லை. தனக்குப் பின் சுமை தூக்கி வருவோரை நினைத்தான். எடுத்த வேலையில் தோற்றவனும் பிறருக்கு வழியாகலாம் என்பதே இக்கதையின் சாரம்.

இன்றைய வழக்கம்

பழனி மலைப் படிவழியின் இடையே இடும்பன் சன்னிதி உள்ளது. அவனை வணங்கிய பின்பே முருகனை வணங்கச் செல்வது மரபு. அருகிலுள்ள குன்று இடும்பன் மலை எனப்படுகிறது. பங்குனி உத்திரத்தில் கொடுமுடியிலிருந்து காவிரி நீரைத் தீர்த்தக் காவடியாக பழனிக்குக் கொண்டு வருகின்றனர். தைப்பூசத்தில் மலேசியாவின் பத்துமலையிலும் சிங்கப்பூரிலும் தமிழர்கள் காவடி எடுக்கின்றனர்.