நோன்பும் சட்டமும்

மதுவருந்துதல் தீது என்பதில் நம் நாட்டுச் சமயங்களிடையே பெரும் பிணக்கு இல்லை. சைவம் கள்ளுண்டலைக் கொலை, களவு, காமம், பொய் என்பவற்றோடு ஒருங்கு வைத்துப் பஞ்சமா பாதகங்களுள் ஒன்றாக எண்ணும். பௌத்தரின் பஞ்சசீலத்துள் ஐந்தாவது மதுவிலக்கே. இஸ்லாம் அதனை முற்றாக விலக்கும். கிறித்தவத் திருச்சபைகள் பலவோ குடிவெறியைக் கண்டிப்பினும் வழிபாட்டில் திராட்சை இரசத்தைக் கொள்ளும். ஆகவே ஈண்டு எழும் வினா மது தீதா என்பதன்று. சமயம் தீதெனக் கொண்டதை அரசாங்கம் சட்டத்தால் எல்லார்க்கும் விலக்கலாமா என்பதேயாம்.

சீலம் என்பது ஒருவன் தானே விரும்பி மேற்கொள்ளும் நியமம். நம் நோன்புகளும் அத்தகையனவே. தவறணை பூட்டியிருத்தலாற் குடியாதிருப்பவன் அன்றைக்குக் குடியாதவனேயன்றி, நோன்பு நோற்றவனாகான். சட்டம் கையைக் கட்டலாம். மனத்தைத் திருத்துதல் அதற்கு எளிதன்று.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வரலாறு இதற்குச் சான்று. மெதடிஸ்த திருச்சபை முதலியவற்றின் பேராதரவோடு வளர்ந்த இயக்கத்தின் பயனாக, அந்நாட்டு அரசியலமைப்பின் 18ஆம் திருத்தம் 1920 சனவரியில் நடைமுறைக்கு வந்தது. அது மதுவை ஆக்குதல், விற்றல், கொண்டு செல்லல் என்பவற்றைத் தடுத்தது, அருந்துதலைத் தடுக்கவில்லை. கத்தோலிக்கர், யூதர் ஆகியோரின் வழிபாட்டுக்கு வேண்டிய இரசத்துக்கு விலக்களிக்கவும் நேர்ந்தது. தொடக்கத்திற் குடி குறைந்ததெனினும், கள்ளக்கடத்தலும் கைக்கூலியும் பெருகின. ஈற்றில் 1933 டிசம்பரில் 21ஆம் திருத்தம் அவ்விலக்கை நீக்கிற்று.

அங்ஙனமாயின், குடிப்பது அவனவன் சுதந்திரம் எனக் கூறி அரசு வாளாவிருத்தல் தகுமோ? தனிமனித சுதந்திரத்தை வற்புறுத்திய ஜோன் ஸ்ருவேட் மில், 1859 இல் வெளியிட்ட தம் நூலில் மதுவிலக்குச் சட்டங்களை எதிர்த்தார். ஆயினும், குடியால் மனைவி மக்களைப் பேணாதொழிந்தவன் அக்கடமை தவறியமைக்காகத் தண்டிக்கப்படலாம் என்பதை அவரும் உடன்பட்டார். குடிப்பவனுக்குச் சுதந்திரம் உண்டெனின், மாலையில் அவன் வரவை அஞ்சி மூலையில் ஒதுங்கும் குழந்தைக்கு அது இல்லையா? சுதந்திரத்தின் பேரால் வாதிடுவோர் இக்குழந்தையை மறத்தல் கூடாது.

திருவள்ளுவர் வகுத்த வைப்புமுறை இவ்விடத்துச் சிந்திக்கற்பாலது. புலால் மறுத்தலைத் துறவறவியலில் வைத்த அவர், கள்ளுண்ணாமையைப் பொருட்பாலில், சூது என்னும் அதிகாரத்துக்கு முன் வைத்தார். குடி குடும்பத்தையும் நாட்டையும் தாக்கும் பொருட்கேடு என்பதை இவ்வைப்பு நமக்கு உணர்த்துகின்றது எனலாம்.

இனி, அரசின் வருமானம் ஒன்றுண்டு. 1937 ஒக்டோபரில் இராஜாஜியின் சென்னை அரசாங்கம் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. அதனால் நேர்ந்த இழப்பை ஈடுசெய்யவே 1939 இல் விற்பனை வரி விதிக்கப்பட்டது. அறத்துக்கு விலை உண்டென்பதை அவ்வரசு மறைக்கவில்லை. குடியைக் கண்டித்துக்கொண்டே அதன் தீர்வையை நம்பி வாழும் அரசினும் அது நேர்மையுடையது.

நம் நாட்டிற் போயா தினங்களில் மதுக்கடைகள் மூடப்படுகின்றன. 2006 ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் 21 வயது நிரம்பாதார்க்கு மது விற்றலைத் தடுக்கின்றது. பெண்களுக்கு விற்றலைத் தடுக்கும் விதியோ 1979 இல் ஆக்கப்பட்டது; 2018 சனவரியில் நிதியமைச்சர் அதனை நீக்க, சில நாட்களுள் சனாதிபதியின் பணிப்பால் அது மீண்டும் நிலைபெற்றது. இம்மூன்றும் ஒரு தன்மையன அல்ல. முதலாவது ஒரு சமயத்தின் புனித நாளுக்கு நாடு முழுவதும் அளிக்கும் மதிப்பு. இரண்டாவது இளையோர்க்குக் காவல். மூன்றாவது ஒழுக்கத்தின் பேரால் ஒரு பாலார்க்கு மட்டும் இட்ட தளை. காவலை வரவேற்கும் நாம் தளையையும் காவலென மயங்குதல் ஆகாது.

ஆகவே, விற்பனையை அடக்கலும், இளையோரைக் காத்தலும், குடியால் பிறர்க்குத் தீங்கிழைப்போரை ஒறுத்தலும் அரசின் கடன். குடியாமையை நோன்பாக ஏற்கச் செய்தல் சமயத்துக்கும் வீட்டுக்கும் கல்லூரிக்கும் உரிய கடன். பின்னதை நாம் செய்யாது விட்டு, முன்னதால் எல்லாம் நிறைவேறும் என எதிர்பார்த்தல் வீணாம்.