வலிப்பு உள்ளவர்கள் ஆய்வுக்கு வர மறுக்கிறார்களா?

வலிப்பு உள்ளவர்களை உடற்பயிற்சி ஆய்வுக்குக் கூப்பிட்டால் வரமாட்டார்கள் என்றொரு பேச்சு உண்டு. பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்து வாழ்க்கையை வைத்துப் பார்த்தால் அது பாதி உண்மைகூட இல்லை. மக்காச்சோளக் கொல்லையில் களை எடுப்பதும், சின்ன வெங்காயம் காய வைத்து அள்ளுவதும், சித்தாள் வேலைக்குப் போவதும் உடம்பு நோகிற வேலைகள்தான். வலிப்பு இருக்கிறது என்பதற்காக ஏழை வீட்டில் யாருக்கும் இவற்றிலிருந்து விடுப்பு கிடைப்பதில்லை. ஆகவே அவர்கள் தயங்குவது பயிற்சிக்காக அல்ல, ஊர் வாய்க்கு அஞ்சித்தான். மகளுக்கு வலிப்பு என்று தெரிந்தால் வரன் தட்டிப்போகும் என்று மாத்திரை அட்டையை ஒளித்து வைக்கும் வீடுகள் இன்றும் உண்டு. இந்துத் திருமணச் சட்டத்தில் வலிப்பைத் தடையாகச் சொன்ன பகுதி 1999-லேயே நீக்கப்பட்டுவிட்டது; பயம் மட்டும் போகவில்லை. அப்படிப்பட்டவரிடம் ‘வலிப்பு ஆய்வு’ என்று எழுதிய அறைக்கு வாரா வாரம் வரச் சொன்னால் எப்படி வருவார்?

அழைக்கும் விதத்தில் அழைத்தால் வருவார்கள் என்பதற்கு டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனை நடத்திய யோகா ஆய்வே சான்று. 2023-ல் ‘நியூராலஜி’ இதழில் வெளியான அந்த ஆய்வில் 160 பேர் சேர்ந்தார்கள். நோயால் அவமதிப்பை உணர்ந்தவர்களைத்தான் அதில் தேர்ந்தெடுத்தார்கள் என்பது முக்கியம். ஒளிந்துகொள்வார்கள் என்று நாம் நினைக்கும் அதே மனிதர்கள் வந்தார்கள். மூன்று மாதத்தில் ஏழே கூட்டுப் பயிற்சிகள். மற்றதெல்லாம் வீட்டில், வாரம் ஐந்து நாள், அரை மணி நேரம். ஒரு பாதிக்கு முறையான யோகா, மறு பாதிக்கு மூச்சுக் கட்டுப்பாடும் கவனமும் இல்லாத ஒப்புக்கான பயிற்சி. இரு தரப்பும் மருந்தை விடவில்லை. ஆறு மாத முடிவில் வலிப்பு பாதிக்கு மேல் குறையும் வாய்ப்பு யோகா குழுவில் நான்கு மடங்குக்கும் அதிகமாக இருந்தது. அவமான உணர்வும் குறைந்தது.

ஓடியாடினால் வலிப்பு வந்துவிடாதா என்று கேட்பது நியாயம்தான். மோதி ஆடும் விளையாட்டுகள் வேண்டாம் என்று 1968-ல் சொன்ன அமெரிக்க மருத்துவச் சங்கமே 1974-ல் அந்த நிலையை மாற்றிக்கொண்டது. வெகு சிலருக்குப் பயிற்சியே வலிப்பைத் தூண்டலாம். அதனால்தான் மருத்துவர் மேற்பார்வை. இந்தப் பக்கத்துத் திறந்த கிணற்றில் தனியாக நீந்துவது ஆபத்து, நிழலில் நடப்பது அப்படியல்ல. கூலி வேலையே பயிற்சிதானே என்றும் சிலர் சொல்வார்கள். வெறும் வயிற்றில், தூக்கம் கெட்டு, மாத்திரையை மறந்து வெயிலில் உழைப்பது வலிப்பை வரவழைக்கும் வழி. அளவோடு செய்யும் பயிற்சியோடு அதைச் சேர்த்துப் பேசக் கூடாது. நம்மை வைத்துச் சோதிக்கிறார்களோ என்ற அச்சத்துக்கும் விடை உண்டு: எழுத்துப்பூர்வ ஒப்புதல் கட்டாயம், எப்போது வேண்டுமானாலும் விலகலாம், விலகினாலும் சிகிச்சை நிற்காது.

அரியலூரில் 2022 ஜனவரி முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கோ அருகிலோ இப்படியோர் ஆய்வு தொடங்கினால், போகும் நாளின் கூலியையும் பஸ் காசையும் கொடுங்கள்; பயிற்சியை ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாலையில் வையுங்கள்; பலகையில் நோயின் பெயரை எழுதாதீர்கள். வீட்டில் வலிப்பு உள்ளவர் இருந்தால், மாத்திரையை ஒரு வேளையும் நிறுத்தாமல், கேள்விகளைக் கேட்டுவிட்டு அவரை அனுப்பி வையுங்கள்.