பெட்ரோல் எங்கே போகிறது?

காசிக்குப் படிக்க வந்த நம்மில் பலர், ஊர் திரும்பும் மூத்த மாணவர் ஒருவரிடம் பழைய மோட்டார் சைக்கிள் வாங்கிவிடுகிறோம். நான் வாங்கியதும் அப்படித்தான். 2009-ஆம் ஆண்டு ஸ்பிளெண்டர், 97.2 சி.சி. இஞ்சின், கார்புரேட்டர் வண்டி. மாலை வேளைகளில் கங்கைப் பாலத்தைக் கடந்து ராம்நகருக்குப் போய் இரண்டு பிள்ளைகளுக்குக் கணிதம் கற்பிக்கிறேன். உதவித்தொகை நேரத்தில் வராத மாதங்களில் என் மெஸ் கட்டணம் அந்தப் பணந்தான். ஆகவே வண்டி குடிக்கும் பெட்ரோல் எனக்கு விளையாட்டுக் கணக்கு அன்று.

சென்ற மழைக்காலத்தில் பெட்ரோல் செலவு திடீரென்று ஏறிற்று. ஒரு பட்டறைக்காரர் கார்புரேட்டரின் திருகைச் சிறிது திருப்பிப் பெட்ரோலைக் குறைத்துவிட்டு, இனிக் கவலையில்லை என்றார். கவலை கூடிற்று! பாலத்து ஏற்றத்தில் இஞ்சின் திணறியது. இறங்கிப் பார்த்தால் அனலாய்க் கொதித்தது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினேன். இளம் பழுப்பாக இருக்க வேண்டிய முனை சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது.

காரணம் எளிது. ஒரு கிலோ பெட்ரோல் முழுதும் எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். பெட்ரோல் மிகக் குறைந்தால் கலவை மெதுவாக எரியும், சூடு ஏறும், வலு குறையும். வலு குறைந்தால் நாம் என்ன செய்கிறோம்? ஆக்ஸிலேட்டரை இன்னும் முறுக்குகிறோம். திருகில் மிச்சம் பிடித்ததைக் கையால் கொட்டிவிடுகிறோம்.

திருகைப் பழைய நிலைக்கே கொண்டுவந்துவிட்டு, முதலில் செய்திருக்க வேண்டியதைப் பிறகு செய்தேன், அதாவது, அளந்தேன். டாங்கியை நிரப்பி, ஓடிய கிலோமீட்டரைக் குறித்து, இருநூறு கிலோமீட்டர் ஓட்டி, அதே பம்பில் அதே மட்டத்துக்கு மறுபடி நிரப்பினேன். லிட்டருக்கு 44 வந்தது. முன்பு 58 கொடுத்த வண்டி!

குற்றவாளி அகப்பட்டது தற்செயலாகத்தான். ராம்நகரில் வண்டியை நிறுத்தியபோது பின்சக்கரத்து நடுவில் கை பட்டுச் சுட்டது. பெரிய ஸ்டாண்டில் ஏற்றி நியூட்ரலில் சக்கரத்தைச் சுழற்றினேன். அரைச் சுற்றோடு நின்றது. தொய்ந்த சங்கிலியை ஒரு மாதத்துக்கு முன் நானே இறுக்கியிருந்தேன். சங்கிலியை இறுக்கச் சக்கரத்தைப் பின்னுக்குத் தள்ள வேண்டும். தள்ளினால் பின் பிரேக்கின் கம்பியும் தானே இறுகிவிடும். அந்த நட்டைத் தளர்த்த மறந்தவன் நான். பட்டறைக்காரரைத் திட்டி என்ன பயன்? மிதிக்காமலே பிரேக் பிடித்தபடி ஒரு மாதம் கங்கையைக் கடந்திருக்கிறேன். நட்டைத் தளர்த்தினேன், பெடலில் விரற்கடை அசைவு வந்தது, அடுத்த கணக்கில் 55.

மீதி மூன்று? அதில் ஒரு பங்குக்கு நம் பெட்ரோலே காரணம் என நினைக்கிறேன். 2025-இல் நம் நாட்டுப் பெட்ரோலில் எத்தனாலின் பங்கு 20 விழுக்காட்டை எட்டியது. ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள ஆற்றல், பெட்ரோலில் உள்ளதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான். கணக்குப்படி கலவையின் ஆற்றல் லிட்டருக்கு ஆறேழு விழுக்காடு குறைகிறது. மேலும் எத்தனாலுக்குக் காற்றுக் குறைவாகப் போதும். ஒரு கிலோவுக்கு 9 கிலோதான். புதிய வண்டிகளில் உணர்கருவி இதை அறிந்து பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கும். நம் கார்புரேட்டருக்கு அந்த அறிவு கிடையாது. அது பழைய அளவையே ஊற்றும். ஆகவே இன்றைய பெட்ரோலில் பழைய வண்டி ஏற்கெனவே சற்றுப் பட்டினியாகத்தான் ஓடுகிறது. அதன்மேல் திருகையும் முறுக்குவது அறிவுடைமையா? எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பர்க் குழாய்களையும் கெடுக்கும். விடுமுறைக்கு ஊர் போகுமுன் கார்புரேட்டரிலுள்ள பெட்ரோலை வடித்துவிட்டே போகிறேன்.

மற்றவை நீங்கள் அறிந்தவை: டயர்க் காற்று, தூசியடைந்த காற்று வடிகட்டி. வேகத்தைப் பற்றி மட்டும் ஒன்று. 40-இலிருந்து 60-க்குப் போனால் எதிர்க்காற்றின் தடை இரண்டேகால் மடங்காகும். ராம்நகருக்கு அதனால் மிஞ்சுவது இரண்டு நிமிடம்.

ஜனவரிக் குளிரில் சோக்கை இழுக்காமல் வண்டி கிளம்பாது. இழுத்ததைத் திரும்பத் தள்ளுவதற்குத்தான் நமக்கு நினைவு வருவதில்லை. நான் சோக் நெம்பின்மேல் சிவப்பு நூல் கட்டியிருக்கிறேன். அறை நண்பன் அதைக் காசிக் கயிறு என்று நினைத்துத் தனக்கும் ஒன்று கேட்டான்.