வீட்டுக் கணிப்பொறியில் விமானப் பயிற்சி

தரையை விட்டு எழும்பாமலே பறக்கப் பயில முடியுமா? இவ்வினா கணிப்பொறியினும் மூத்தது. அமெரிக்காவில் பிங்காம்ட்டன் என்னும் ஊரில், ஆர்கன் என்ற இசைக்கருவி செய்யும் தொழிலை நடத்திய குடும்பத்தைச் சேர்ந்த எட்வின் லிங்க் என்பவர், 1929ஆம் ஆண்டில் இதற்கு விடை கண்டார். நம் ஆர்மோனியத்தில் உள்ளவை போன்ற துருத்திகளைக் கொண்டு, சிறியதொரு மரப்பெட்டியை விமானம் போலச் சாயவும் திரும்பவும் செய்தார். முதலில் அதனைக் கேளிக்கைப் பூங்காக்களே விரும்பி வாங்கின. 1934ஆம் ஆண்டில் அந்நாட்டு இராணுவ விமானிகள் தபால் கொண்டு செல்லும் பணியை ஏற்றனர். பனியிலும் மேகத்திலும் வழி காண இயலாமல் அவர்களுள் பலர் மாண்டனர். அதன் பின்னரே இராணுவம் அப்பெட்டிகளுள் ஆறினை வாங்கிற்று. இரண்டாம் உலகப் போரின்போது இலட்சக்கணக்கான விமானிகள் அதில் அமர்ந்து பயின்றனர்.

அப்பெட்டி செய்த வேலையின் ஒரு பகுதியை இன்று வீட்டு மேசைமீதுள்ள கணிப்பொறி செய்கிறது. புரூஸ் ஆர்ட்விக் என்பவர் 1979ஆம் ஆண்டில் ஆப்பிள் கணிப்பொறிக்கென ஒரு விமானச் செயலியை இயற்றி வெளியிட்டார். 1982ஆம் ஆண்டில் அதன் வழிவந்த செயலியை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தன் பெயரில் வெளியிட்டது. கோடுகளும் புள்ளிகளுமாக இருந்த அந்தப் பழைய உலகம் வளர்ந்து, இன்று மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டரின் 2020, 2024 பதிப்புகளாகவும் எக்ஸ்-பிளேன் 12 ஆகவும் விளங்குகிறது. விலையின்றிக் கிடைக்கும் ஃபிளைட்கியர் என்னும் செயலியும் உண்டு. இவற்றை நன்கு இயக்குவதற்கு எத்தகைய கணிப்பொறி வேண்டும், அதனை எவ்வாறு பேணுவது என்பதே இன்று நாம் ஆராய எடுத்துக்கொண்ட பொருள்.

இதனை வெறும் பொழுதுபோக்குச் செய்தியென ஒதுக்கிவிடலாகாது. விமானியாக வேண்டும் என்னும் ஆவல் கொண்ட மகனுக்கோ மகளுக்கோ பெற்றோர் வாங்கித் தரும் இக்கணிப்பொறியின் விலை, நடுத்தரக் குடும்பமொன்றின் சில மாத ஊதியத்தை விழுங்கிவிடக் கூடியது. அங்காடியில் மிக விலையுயர்ந்த பகுதியைச் சுட்டி வாங்கி வந்தும், திரையில் விமானம் தத்தித் தத்திச் செல்வதைக் கண்டு மனம் வருந்துவோர் பலர். பொருள் குறைவன்று அதற்குக் காரணம். பொருளைச் செலவிட்ட இடம் பிழை.

திரையில் தோன்றும் காட்சி, அடுத்தடுத்து வரையப்படும் படங்களின் தொகுதியே. விநாடிக்கு 30 படங்கள் வேண்டுமெனின், ஒரு படத்தை முடிக்கக் கணிப்பொறிக்கு ஏறத்தாழ 33 மில்லி விநாடிகள் உள்ளன. 60 படங்கள் வேண்டுமெனின் அது 17 மில்லி விநாடிகளாகக் குறைகிறது. அக்கால அளவிற்குள் இரண்டு வேலைகள் நடைபெறுகின்றன. விமானத்தின் மீது காற்று தரும் விசை, எஞ்சினின் இயக்கம், பிற விமானங்களின் போக்கு, கருவிகளின் முட்கள் ஆகியவற்றைப் பிராசஸர் கணக்கிடுகிறது. அக்கணக்கைக் கொண்டு கிராபிக்ஸ் கார்டு ஓவியம் தீட்டுகிறது. இரண்டில் எது பிந்தினாலும் படம் பிந்தும்.

பெரும்பாலான விளையாட்டுகளில் ஓவியம் தீட்டும் வேலையே பெரிது. விமானச் செயலியிலோ கணக்கிடும் வேலையும் மிகப் பெரிது. அன்றியும், அக்கணக்கின் முக்கியப் பகுதி ஒன்றன்பின் ஒன்றாகவே நடைபெற வேண்டியிருக்கிறது. ஓர் அலுவலகத்தில் எழுத்தர்கள் பதினாறு பேர் இருக்கலாம். ஆனால் ஒவ்வொரு கோப்பும் தலைமை எழுத்தரின் மேசையைக் கடந்தே செல்ல வேண்டுமெனின், அலுவலகத்தின் வேகம் அவ்வொருவரின் வேகமே அன்றோ? அண்மைப் பதிப்புகளில் வேலைப் பகிர்வு மேம்பட்டிருப்பினும் இந்நிலை முற்றும் மாறவில்லை. ஆகவே பிராசஸர் வாங்கும்போது அதிலுள்ள கோர்களின் எண்ணிக்கையை மட்டும் நோக்காது, ஒரு கோர் தனித்து எவ்வளவு விரைவாக உழைக்கிறது என்பதை முதலில் நோக்குதல் வேண்டும்.

மற்றொன்றும் உண்டு. அலமாரிக்கு எழுந்து செல்லாமல் கோப்புகளைத் தம் மேசைமீதே வைத்துக்கொள்ளும் எழுத்தர் விரைந்து பணி முடிப்பார். பிராசஸரில் கேஷ் எனப்படும் உள் நினைவகம் அம்மேசை போன்றது. 2022ஆம் ஆண்டில் ஏஎம்டி நிறுவனம் வெளியிட்ட ரைசன் 7 5800எக்ஸ்3டி என்னும் பிராசஸரில் இம்மேசை 96 மெகாபைட் அளவிற்கு விரிவாக்கப்பட்டது. விமானச் செயலிகள் அதனால் பெற்ற பயன் பெரிது. பின்னர் வந்த 7800எக்ஸ்3டி, 9800எக்ஸ்3டி ஆகியவையும் அவ்வழியைச் சேர்ந்தனவே.

கிராபிக்ஸ் கார்டைத் தெரிந்தெடுக்கையில் அதன் வேகத்தோடு அதிலுள்ள நினைவகத்தையும் கேட்டறிய வேண்டும். மைக்ரோசாஃப்டின் 2024ஆம் ஆண்டுப் பதிப்பிற்கு 8 கிகாபைட் கிராபிக்ஸ் நினைவகம் பரிந்துரைக்கப்பட்டது. மிகச் சிறந்த நிலைக்கு 12 கிகாபைட். பெருநகரொன்றின் விமான நிலையத்தில் இறங்கும்போது கட்டடங்களின் தோற்றங்கள் யாவும் இந்நினைவகத்தில் வந்து குவியும். இடம் போதாவிடில், தரையைத் தொடும் கணத்திலேயே படம் நின்று நின்று வரும். தலையில் அணியும் மெய்ந்நிகர்க் கண்ணாடியை விரும்புவோர் இரு கண்களுக்கும் தனித்தனியே படம் வரைய வேண்டியிருப்பதால், இதனினும் வலிய கார்டையே நாட வேண்டும். வாங்கி வந்த பின், மானிட்டரின் கம்பியை மதர்போர்டில் செருகாமல் கிராபிக்ஸ் கார்டிலேயே செருகுக. இச்சிறு தவறினால் விலையுயர்ந்த கார்டு வேலையின்றிக் கிடப்பதும் உண்டு.

ரேம் நினைவகம் அதே பதிப்பிற்குக் குறைந்த அளவு 16 கிகாபைட், பரிந்துரைக்கப்பட்டது 32. புதிதாக வாங்குவோர் 32 என்ற அளவைக் கொள்ளுதல் நன்று. அதனை ஒரே துண்டாக வாங்காமல் 16 வீதம் இரண்டு துண்டுகளாக வாங்கி, மதர்போர்டின் கையேடு காட்டும் இணையான துளைகளில் பொருத்தினால், செய்தி செல்லும் பாதை இரட்டிப்பாகும். பெட்டியின் மேல் அச்சிடப்பட்டுள்ள வேகத்தில் ரேம் தானாக ஓடுவதில்லை. பயாஸ் அமைப்பில் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்னும் தெரிவை நாமே இயக்க வேண்டும். செலவின்றிக் கிடைக்கும் இப்பயனைப் பலர் அறியாமல் இழக்கின்றனர்.

சேமிப்பிற்கு எஸ்.எஸ்.டி. இன்றியமையாதது. 2020ஆம் ஆண்டுப் பதிப்பு 150 கிகாபைட் இடம் கேட்டது. 2024ஆம் ஆண்டுப் பதிப்பிற்கு 50 போதும் என அறிவிக்கப்பட்டது. நிலக்காட்சியின் பெரும்பகுதி பறக்கும்போதே இணையத்தின் வழி வந்து சேர்வதே இதற்குக் காரணம். அதற்கேற்ப விநாடிக்கு 50 மெகாபிட் வேகமுள்ள இணைய இணைப்புப் பரிந்துரைக்கப்பட்டது. கைப்பேசியின் அன்றாட அளவு வரம்பை நம்பியிருப்போர் இதனை முன்னரே எண்ணிப் பார்த்தல் வேண்டும். எக்ஸ்-பிளேன் செயலி நிலக்காட்சியைக் கணிப்பொறியிலேயே வைத்துக்கொள்வதால், இணைய வசதி குன்றிய ஊரினருக்கு அதுவே ஏற்றது.

முன்பே கணிப்பொறி வைத்திருப்போர் எதனை மாற்றுவது? இதனைக் காண எளிய சோதனை ஒன்றுண்டு. பரபரப்பான விமான நிலையமொன்றில் விமானத்தை நிறுத்தி, விநாடிக்கு எத்தனை படங்கள் வருகின்றன எனக் குறித்துக்கொள்க. பின்னர்த் திரையின் துல்லியத்தைப் பாதியாகக் குறைத்து மீண்டும் நோக்குக. எண்ணிக்கை நன்கு உயர்ந்தால் கிராபிக்ஸ் கார்டே திணறியது என்று பொருள். உயராவிடில் பிராசஸரே தடை. அந்நிலையில் புதுக் கார்டு வாங்குவது வீண் செலவு. பிராசஸரே தடையெனக் கண்டால், சாலை ஊர்திகள், பிற விமானங்கள், தொலைவிலுள்ள பொருள்களின் நுட்பம் ஆகியவற்றைக் குறைத்துப் பார்க்கலாம். பயணிகள் விமானத்தை ஓட்டுவதற்கு விநாடிக்கு 30 படங்கள் சீராக வந்தால் போதுமானது. 60க்கும் 25க்கும் இடையே ஊசலாடும் காட்சியினும், 30இல் நிலைத்த காட்சி கண்ணுக்கும் கைக்கும் இனியது.

கைக்கருவிகளை மறத்தலாகாது. ஏர்பஸ் ஏ320 விமானத்தில் விமானியின் பக்கவாட்டில் சிறு தண்டு உள்ளது. செஸ்னா 172, போயிங் 737 ஆகியவற்றில் சக்கரம் போன்ற யோக் உள்ளது. எவ்விமானத்தில் ஈடுபாடோ அதற்கேற்பவே கருவியைத் தெரிந்துகொள்க. தொடக்கத்தினர்க்கு, திருகினால் சுக்கானும் இயங்கும் ஜாய்ஸ்டிக் ஒன்றே போதும். கால்மிதியைப் பின்னர் வாங்கலாம். இக்கருவிகளில் உராய்வினால் இயங்கும் பழைய முறை உணரிகள் நாளடைவில் தேய்ந்து, தொடாதபோதே விமானத்தைச் சாய்க்கும். காந்தப் புலத்தால் இயங்கும் ஹால் உணரி கொண்டவற்றில் உராய்வில்லை; ஆகவே தேய்வும் அரிது.

இனி மின்சாரம். கிராபிக்ஸ் கார்டின் தேவைக்கு மேல் சற்றே மிகுதியான வாட் அளவுள்ள, பெயர் பெற்ற எஸ்.எம்.பி.எஸ். வாங்குக. இப்பகுதியில் செய்யும் சிக்கனம் மற்றெல்லாப் பகுதிகளையும் பலி கொள்ளக்கூடும். யு.பி.எஸ். வாங்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 600 விஏ என எழுதப்பட்ட யு.பி.எஸ். பெரும்பாலும் 360 வாட் அளவே தாங்கும். விமானச் செயலி ஓடும் வலிய கணிப்பொறியோ 400 வாட்டிற்கு மேலும் இழுக்கலாம். மின்சாரம் நின்ற கணமே யு.பி.எஸ்.ஸும் அணைந்துவிடுவதன் காரணம் இதுவே. வீட்டு இன்வெர்ட்டரை நம்புவோர் சைன் அலை தரும் வகையையே கொண்டு, அதில் யு.பி.எஸ். என்னும் நிலைக்குச் சாவியைத் திருப்பி வைத்தல் வேண்டும். சுவரிலுள்ள எர்த் இணைப்புச் சரியாக உள்ளதா என எலக்ட்ரீஷியனைக் கொண்டு பார்த்துக்கொள்வதும் கடமை.

பராமரிப்பில் நம் நாட்டுப் பகைவர் இருவர்: வெப்பமும் தூசியும். குளிர் நாட்டு நூல்கள் கூறும் அளவுகளை நாம் அப்படியே கொள்ள இயலாது. அறையின் வெப்பம் 25 பாகையிலிருந்து 40 பாகையாக உயர்ந்தால், உள்ளிருக்கும் பகுதிகளின் வெப்பமும் ஏறத்தாழ அதே 15 பாகை உயரும். எல்லை வெப்பத்தை அடைந்த பிராசஸர் தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். மேற்கூறிய 7800எக்ஸ்3டிக்கு அவ்வெல்லை 89 பாகை. தையில் நன்றாக ஓடிய விமானம் வைகாசியில் தத்துகிறதெனின், பழுது செயலியில் அன்று, காற்றோட்டத்தில் உள்ளது என அறிக.

ஆகவே முகப்பில் வலைத்துளைகள் கொண்ட கேபினெட்டையே வாங்குக. அதனைச் சுவரிலிருந்து ஒரு சாண் விலக்கி, தரையில் வைக்காமல் சிறு பலகைமேல் வைக்க வேண்டும். தில்லி போன்ற வடநாட்டு நகரங்களில் கோடையில் வீசும் புழுதிக் காற்று, மூடிய சன்னலையும் கடந்து வரும். தூசி வலையை இரு வாரத்திற்கு ஒருமுறை கழுவி, நன்கு உலர்த்திப் பொருத்துக. நீர்க் கூலரின் ஈரக்காற்று நேரே படும் இடம் கணிப்பொறிக்கு ஆகாது. இரண்டு மூன்று மாதத்திற்கு ஒருமுறை, மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, புளோயரால் உள்ளே ஊதித் தூய்மை செய்யலாம். அப்போது விசிறியின் இறக்கைகளை விரலால் பிடித்துக்கொள்க. காற்றின் வேகத்தில் அவை கட்டின்றிச் சுழன்றால் பழுதாகும். பிராசஸருக்கும் கூலருக்கும் இடையேயுள்ள தெர்மல் பேஸ்ட், வெப்பம் காரணமின்றி ஏறத் தொடங்கினால் புதுப்பிக்கத் தக்கது.

பயாஸைப் புதுப்பிப்பதும் பராமரிப்பே. இன்டெல் நிறுவனத்தின் 13, 14ஆம் தலைமுறை மேசைப் பிராசஸர்கள் சில, மிகை மின்னழுத்தத்தால் நிலைகுலைந்தன. அதனைத் தடுக்கும் மாற்றம் 2024ஆம் ஆண்டில் பயாஸ் வழியாகவே வழங்கப்பட்டது. உத்தரவாதக் காலமும் இரண்டு ஆண்டுகள் நீட்டிக்கப்பட்டது. ஆதலால் நேரு பிளேஸ் போன்ற அங்காடிகளில் வாங்குவோர், ஒவ்வொரு பகுதியின் வரிசை எண்ணும் குறிக்கப்பட்ட பில்லைக் கேட்டுப் பெற்றுப் பாதுகாக்க வேண்டும். பில் இன்றி மலிவாகக் கிடைக்கும் பொருளுக்கு உத்தரவாதம் கோருதல் அரிது.

இறுதியாக ஒன்று. வீட்டுக் கணிப்பொறியில் ஆயிரம் மணி நேரம் பறப்பினும், விமானியின் பதிவேட்டில் ஒரு மணி நேரமும் ஏறாது. கருவிகளையே நோக்கி ஓட்டும் பழக்கம் முற்றினால், மெய்யான சிறு விமானத்தில் சன்னலுக்கு வெளியே நோக்கக் கற்பிக்கும் ஆசிரியருக்கு அது தொல்லையாகவும் முடியும். ஆயினும் சரிபார்ப்புப் பட்டியலை முறையாகப் படித்தல், வானொலி உரையாடலைச் செவிமடுத்தல், மேகத்தினுள் கருவிகளை நம்பக் கற்றல் ஆகியவற்றிற்கு இதனினும் சிக்கனமான பள்ளி இல்லை. பிள்ளையின் ஆவல் நிலையானதா என்பதை, விமானப் பள்ளிக்குப் பல இலட்சம் ரூபாய் கட்டுமுன் அறிந்துகொள்ளவும் இது துணை செய்யும்.

ஆகவே கடைக்குப் புறப்படுமுன் ஒரு தாளில் நான்கு செய்திகளை எழுதிக்கொள்க: எந்தச் செயலி, எந்த விமானம், எத்தகைய திரை, எவ்வளவு பணம். இந்நான்கிற்கும் விடை எழுதிய பின்னரே பகுதிகளின் பெயர்களை எழுதத் தொடங்குக. முதலில் பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் தம்முள் ஒத்த வலிமை உடையனவாக அமையட்டும். அடுத்து எஸ்.எம்.பி.எஸ்., ரேம், எஸ்.எஸ்.டி. ஆகியவை இடம் பெறட்டும். எளிய ஜாய்ஸ்டிக் ஒன்றுக்கும் அத்தொகையிலேயே இடம் விட்டுவைக்க வேண்டும். ஒளிவீசும் வண்ண விளக்குகளும் கண்ணாடிப் பெட்டியும் விமானத்தை ஓர் அடியேனும் உயர்த்துவதில்லை. அவற்றிற்கான பணம் யு.பி.எஸ்.ஸுக்குப் போகட்டும்.